தேயாத டயர்

என் வீட்டுக்காரருக்கு இந்த உலகத்தில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. எங்கள் பழைய நூறு சிசி வண்டியின் பின் டயர். யார் வீட்டுக்கு வந்தாலும் டீ ஆறுவதற்குள் பேச்சு அங்கே வந்து நிற்கும். "எத்தினி வருசமா ஓடுது தெரியுமா? இன்னும் பட்டன் அப்டியே கீது. போய்த் தொட்டுப் பாரு" என்பார். வந்தவரும் மரியாதைக்குக் குனிந்து தொட்டுப் பார்ப்பார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட பெண்ணை அவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் டயர் வாங்கப் போகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே "எத்தினி கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். மழையில் ரோட்டைப் பிடிக்குமா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பட்டன் தேய்ந்து டயர் மொட்டையானால்தான் மாற்ற வேண்டும் என்பது எழுதாத சட்டம். எங்கள் டயரோ மொட்டையாகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அவர் ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அந்த வண்டிக்குக் காற்றடிக்கிற டயர் கிடையாது, முழுக்க ரப்பர்தான். "அதுவும் டயருதான், டன் கணக்குல தூக்குது, வழுக்குதா?" என்று கேட்பார். அந்த நியாயத்தில் எங்கள் வண்டிக்கும் காற்றை அடி அடியென்று அடித்துக் கல்லாக்கி வைத்திருப்பார். நான் அதே ஒரகடத்தில் கார் கதவின் விளிம்பில் பொருத்துகிற ரப்பர் பீடிங் செய்கிற கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். ரப்பரைக் கிள்ளியும் வளைத்தும் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ரப்பருக்கு வயதானால் பார்த்த மாத்திரத்தில் தெரியாது, வளைத்தால்தான் தெரியும். எங்கள் டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. நகத்தை அழுத்தினால் நகம்தான் வலித்தது. இப்படி இறுகின ரப்பர் மழையில் ரோட்டைப் பிடிக்காது என்று அவரிடம் சொன்னேன்.

"நீ பாக்கறது கதவு ரப்பரு. இது ரோட்டு ரப்பரு" என்று முடித்துவிட்டார்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்ததை மறைக்கக் கூடாது. எங்கள் ரோட்டில் ஸ்கிராப் ஏற்றிப் போகிற லாரிகள் இரும்புச் சுருளையும் பிசிறையும் சிந்திக்கொண்டே போகும். புது டயர் போட்டவர்கள் வாரம் ஒரு பஞ்சர் என்று தள்ளிக்கொண்டு போவார்கள். எங்கள் டயரில் ஆணி இறங்கவே இறங்காது. கல்லில் நார் உரிக்கிற மனிதருக்கு அது போதாதா?

மணிமங்கலத்திலிருந்து ஒரகடத்துக்குத் தினமும் அந்த வண்டியில்தான் போனோம். இருவருக்கும் காலை ஷிஃப்ட். சாயங்காலம் அவருக்கு ஓவர்டைம் இருக்கும், நான் கம்பெனி பஸ்ஸில் வந்துவிடுவேன். வீட்டில் இரண்டு பையன்களின் சண்டைக்கும் டிவிக்கும் நடுவே புருஷன் பெண்டாட்டி பேசுவது நடக்காத காரியம். காலையில் அந்தப் பின்சீட்டில் பேசுவதுதான் பேச்சு. அவர் சொல்வதில் பாதி காற்றில் போகும், மீதி ஹெல்மெட்டில் மோதும். எல்லாவற்றுக்கும் "ஆங்" என்பேன். அப்படித்தான் ஒரு தடவை அவர் தங்கை குடும்பத்தோடு கோடை விடுமுறை முழுக்க வந்து தங்குவதற்கும் சம்மதித்திருக்கிறேன். இருந்தாலும் அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது. நாளில் வேறு எந்த நேரமும் அவ்வளவு பிடித்ததில்லை.

போன மழைக்காலத்தின் முதல் தூறலில் விழுந்தோம். வல்லக்கோட்டைக்குத் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், லாரிகள் சொட்டிய டீசலும் ஆயிலும் தூறலோடு சேர்ந்து ரோடு பளபளத்தது. முன்னால் போன கன்டெய்னர் லாரி நின்றது. இவர் பிரேக் பிடித்தார். வண்டியின் முன்பக்கம் நின்றது, பின்பக்கம் மட்டும் தனியாக எங்கேயோ புறப்பட்டுப் போனது. மெதுவாகத்தான் போனோம். அவர் கீழே, நான் அவர் மேல், எலுமிச்சை சாதம் ரோட்டின் மேல். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. ஆனால் தலையைத் தூக்கிப் பார்த்தபோது பின்னால் வந்த பஸ்ஸின் முன் சக்கரம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தது. அதை இன்றைக்கும் முழுதாக யோசிக்க மாட்டேன், யோசித்தால் தூக்கம் போய்விடும்.

அவர் முதலில் என்னைத் தூக்கினார். அடுத்து டயரைப் பார்த்தார்.

"ரோடு சரியில்ல."

"டயரு சரியில்ல."

"பட்டன் இருக்கு பாரு, நல்லா பாரு."

"நீங்களும் உங்க பட்டனும் போங்க. நாளைலேந்து நான் கம்பெனி பஸ்ல வரேன்."

சொன்னபடியே செய்தேன். பஸ்ஸுக்காக இன்னும் சீக்கிரம் எழுந்தேன். உள்ளே எல்லோரும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். இரண்டு நாளில் இந்த மனிதர் இறங்கி வருவார் என்று நினைத்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவர், வரவில்லை. நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் நல்ல மழை. படப்பை தாண்டியதும் எங்கள் பஸ் ஒரு வண்டியை ஒட்டி முந்தியது. பார்த்தால் அவர். ரெயின்கோட் காற்றில் உப்பி, இரண்டு காலையும் தரையில் தொட்டுத் தொட்டு, மெதுவாக வந்துகொண்டிருந்தார். பஸ் வாரியடித்த தண்ணீர் முழுக்க அவர் மேல். நான் கோபித்துக்கொண்டு அன்றைக்கே அந்தப் பின்சீட்டிலிருந்து இறங்கிவிட்டேன். அவர் இன்னும் அந்த டயர் மேல்தான் போய்க்கொண்டிருந்தார். இத்தனை நாளும் என்னைக் காப்பாற்றிக்கொண்டதைத்தான் பெரிய வீரம் என்று நினைத்திருக்கிறேன்.

அன்று ராத்திரி அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். "நீங்க விழுந்தா அத்த நான் பஸ் ஜன்னல்லேந்து பாக்கணுமா? எனக்குப் பயமா கீதுங்க."

அவர் குழம்பை எடுத்து ஊற்றிக்கொண்டார். "காலைல பேச ஆளில்லாம ரோடே ஓட மாட்டுது. சனிக்கெழம வா, நீயே பாத்து வாங்கு" என்றார்.

படப்பையில் ஒரு டயர் கடை. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து நான் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன், அவர் வண்டியில் வந்தார். மாற்றுவது என்று முடிவெடுத்ததும் மனிதருக்குக் கட்டுக்கயிறு அறுந்துவிட்டது. நேராகப் போய், சேற்றில் ஓட்டுகிற, கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த, கடையிலேயே தடிமனான டயரின் மேல் கை வைத்தார்.

"இத்தப் போட்டா வழுக்கவே வழுக்காது."

"வண்டி லுக்கே மாறிடும் சார். செயின் கவர்ல கொஞ்சம் ஒரசும், தட்டி வுட்டுக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"தட்ட வேணாம். வண்டியோட இன்னா அளவு வந்துச்சோ, அதே அளவு குடுங்க. தார் ரோட்ல ஓட்றதுக்கு" என்றேன். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தார். பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும் பொறித்திருக்கும். படித்தால், என் சின்னவனைப் பள்ளியில் சேர்த்த வருஷத்தில் செய்தது. நகத்தை அழுத்தினேன், இறங்கவில்லை. வேறு கேட்டேன். அடுத்ததில் நகம் லேசாக இறங்கி, எடுத்ததும் தடம் மறைந்தது.

"அக்கா டயர் கம்பெனியா?" என்றார் கடைக்காரர்.

"இல்லப்பா, கதவு ரப்பரு. செக்கிங்" என்று இவர் சொன்னார், நான் வாயைத் திறப்பதற்குள். சொன்ன தோரணையைப் பார்க்க வேண்டும், நான் ஏதோ கலெக்டர் என்பதுபோல.

முன் டயரும் வண்டி வாங்கினபோது வந்ததுதான் என்பதால் இரண்டையும் மாற்றச் சொன்னேன். பழக்கதோஷம், அவர் கேட்டே விட்டார். "எத்தினி கிலோமீட்டர் ஓடும்?"

"பழசு மாதிரி ஓடாது சார். மெத்துனு இருக்கற ரப்பரு, சீக்கிரம் தேயும். ஆனா நல்லா புடிக்கும்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. "மாட்டுப்பா" என்றார்.

மாட்டி, காற்றை அளவாக அடித்துவிட்டு, கடைக்காரர் ஒரு குண்டைப் போட்டார். புது டயரின் மேல் ஒரு வழுவழுப்பு இருக்கும், அது போகிறவரை மெதுவாக ஓட்ட வேண்டும், வண்டியைச் சாய்க்கக் கூடாது, பின்னால் ஆள் ஏற்றாமல் இருந்தால் நல்லது. அதாவது நான் இன்னும் கொஞ்ச நாள் பஸ்ஸில்தான். ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலையில் "தோ வரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. பையன்களுக்கு மட்டும் போட்டுவிட்டு, கறிக்குழம்பை மூடி வைத்துவிட்டு, வந்ததும் என்னென்ன கேட்பது என்று வரிசையாக யோசித்து வைத்தேன். வெயில் இறங்கின பிறகு வந்தார். முகம் கறுத்து, புருவமெல்லாம் புழுதி.

"எங்க போனீங்க?"

"வாலாஜாபாத்."

"அங்க யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல. போயிட்டு வந்தேன். மறுபடியும் போனேன். நடுவுல பெட்ரோல் தீந்துச்சி, போட்டுனு திரும்பப் போனேன்."

அரை லிட்டர் பெட்ரோலுக்கு யோசிக்கிற மனிதர். எனக்கு விளங்கவில்லை. அவர் வண்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இங்க வாயேன்" என்று கூப்பிட்டார். முதல் நாள் டயர் முழுக்க நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் முடிகள், நடுவில் ஒன்றுகூட இல்லை. பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தது.

"பாரு, தேஞ்சிட்ச்சி" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "நாளைக்கு நீ ஏறலாம்."

சண்டை போடக் காத்திருந்தவளுக்கு அழுகைதான் வந்தது. "மூஞ்சி கழுவினு வாங்க, நானும் இன்னும் சாப்புடல" என்றேன்.