அக்டோபருக்கான நாள்

லோயிசோஸ் அத்தானின் மழைக் கணக்கை இனி யாராவது என் காதுபடக் கேலி செய்தால் நடப்பதே வேறு. நான் பிரோசூ, அவருக்குக் கொழுந்தியாள். அவரைக் கேலி செய்கிற உரிமை எனக்கு மட்டும்தான்.

சைப்ரஸ் மலையில் எங்கள் ஊர்ப் பேருந்தை ஓட்டுகிறவர் அவர். ஆகஸ்ட் பிறந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துவிடுவார். கணக்குப்படி ஆகஸ்டின் முதல் நாட்களில் ஒவ்வொன்றும் வரப்போகும் ஒரு மாதத்துக்கு உரியது. அன்று காலை எப்படியோ, அதற்குரிய மாதத்தின் முன்பாதி அப்படி. மாலை எப்படியோ, பின்பாதி அப்படி. வெயில் மண்டையைப் பிளக்கும். தர்ப்பூசணியும் ஹல்லூமிப் பாலாடைக்கட்டியும் மடியில் இருக்க, மனிதர் வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். வேறு பலரும் பார்ப்பார்கள்தான். ஆனால் எங்கள் ஊரில் திராட்சை காயப்போடுவதும் கூரை பூசுவதும் அத்தான் சொல்கிறபடிதான். அதில் அவருக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

போன வருஷம் அவர் மகள் அந்தூசாவுக்குக் கல்யாணம். அக்டோபர் கடைசி ஞாயிறு என்று குறித்தாயிற்று. எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி.

"மழை வந்தா இத்தனை சனத்தை எங்க கொண்டுபோய் வைப்பீங்க சம்பந்தி? பேசாம எங்க லார்னகாவுல மண்டபம் பாத்துருவோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா எவ்தோகியா.

அந்தூசாவின் முகம் சுருங்கிப்போனது. தேவாலய முற்றத்தில் ஓடியாடி வளர்ந்தவள். கல்யாணத்தன்றும் அங்கேதான் ஆடவேண்டும் என்பது அவள் ஆசை.

அத்தான் நெஞ்சில் கை வைத்தார். "அக்டோபருக்கான நாளை நானே உக்காந்து பாத்தேன். பொழுது சாயுற வரைக்கும் பொட்டு மேகம் இல்ல. மழை வந்துச்சுன்னா, அப்புறம் என் பேச்சை எவனும் கேக்க வேணாம்."

ஊரார் தலையாட்டினார்கள். எவ்தோகியாவும் இறங்கிவந்தார்.

கல்யாணத்தன்று முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. அண்டா அண்டாவாக ஆட்டுக்கறியும் கோதுமையும் வெந்து ரேசி மணத்தது. வயலின் இசை ஏறியது, அந்தூசா ஆட ஆரம்பித்தாள். மாலையில் கொட்டியது பாருங்கள் மழை! அண்டாக்களை மூட நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் இரண்டு குளிர்காலமாகக் காய்ந்து கிடந்த ஊர் அது. ஊரார் ஒருவரும் உள்ளே ஓடவில்லை. வாயைத் திறந்து மழையைக் குடித்தார்கள். தாழ்வாரத்துக்கு ஓடிய எவ்தோகியாகூடச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி ஆடினார். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை.

போகிறவர் வருகிறவரெல்லாம் அத்தானைச் சீண்டினார்கள். "என்னய்யா லோயிசோஸ், உன் வானத்துல ஓட்டையா?" அவர் தலை குனிந்து நின்றார்.

ஒரு தட்டு ரேசியோடு போனேன். "அன்னிக்கு மாடியில தூங்கித் தொலைச்சீங்களா அத்தான்?"

"தூங்கல பிரோசூ. சாயங்காலம் மேகம் கறுகறுன்னு கட்டுச்சு. நல்லாத்தான் பாத்தேன்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உள்ளதைச் சொல்லியிருந்தா எம்பொண்ணு இங்க ஆடியிருப்பாளா?"

அடுத்து அவரைச் சீண்ட வந்தவனை நானே விரட்டிவிட்டேன்.

சொட்டச் சொட்ட நனைந்த அந்தூசா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "பாவம்ப்பா நீங்க. இவ்வளவு பெரிய கணக்கு தப்பிடுச்சே."

"ஆமா தாயி, தப்பிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவளோடு ஆடப்போனார்.