சோப்புக் கொட்டகையின் சிவப்புக் கம்பம்

மணலிக்கும் மாத்தூருக்கும் நடுவில் இருந்த ஒரு சோப்புத் தொழிற்சாலையில் கருவிகள் பிரிவில் வேலை பார்த்தேன். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. பாய்லருக்கு எரிக்கும் எண்ணெயின் விலை ஏறிக்கொண்டே போனது. சோப்பு காய்ச்சும் வேலையை வெளியே கொடுத்துவிட்டு பாய்லரை மூடிவிடலாமா என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. அதற்கு முன் பாய்லரின் நீராவி எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம் என்றார் மேனேஜர். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

இருந்தது ஒரே பாய்லர். அதிலிருந்து கிளம்பும் குழாய்கள் மதிலோரமாக ஓடி சோப்புக் கொட்டகை, கிளிசரின் கொட்டகை, கேன்டீன் எல்லாவற்றுக்கும் ஆவி கொண்டுபோகும். குழாய்கள் பிரியும் இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் பொருத்தி, ஒயர் இழுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்தேன். திரையில் கொட்டகைக்கு ஒரு கம்பம் எழும்பி நிற்கும். அளவாகச் செலவானால் பச்சை, மிஞ்சினால் மஞ்சள், மிகவும் மிஞ்சினால் சிவப்பு. டாஷ்போர்டு என்றுதான் விற்றவர்கள் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்கு அது ‘பொட்டி’.

பொட்டியை மேனேஜர் தன் அறையில் வைத்துக்கொண்டார். முதல் நாளிலிருந்தே சோப்புக் கொட்டகையின் கம்பம் சிவப்பு. அவர் தினமும் அந்தக் கொட்டகையின் ஃபோர்மேனை மாடிக்கு அழைத்துத் திட்டினார். ஃபோர்மேன் காலடிப்பேட்டைக்காரர், யூனியனிலும் இருந்தவர். அவர் இறங்கி வந்து கொட்டகை வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பார். கொட்டகை ஆட்கள் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். கேன்டீனில் நான் உட்காரும் பெஞ்சு காலியாகவே கிடந்தது.

ஒரு காலை, சோப்புக் கொட்டகையின் கம்பமே திரையில் இல்லை. போய்ப் பார்த்தேன். மீட்டரிலிருந்து ஒயர் பிடுங்கப்பட்டிருந்தது.

“எலி கடிச்சிருக்கும் மேடம்,” என்றார் ஃபோர்மேன், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுபடி மாட்டினேன். அடுத்த நாளும் ஒயர் தொங்கியது. மறுபடி மாட்டினேன். மேனேஜரிடம் சொன்னால் யாராவது ஒருவருக்கு சஸ்பென்ஷன் நிச்சயம். சொல்லவில்லை. ஆனால் விடுவதாகவும் இல்லை. அன்று மேனேஜர் வெளியே போயிருந்தார். அவர் அறையில் உட்கார்ந்து அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. சோப்பு காய்ச்சும் கொப்பரைகளின் வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு ஆட்கள் கேன்டீனுக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பம் கொஞ்சம்தான் இறங்கியது. மஞ்சளிலேயே நின்றுவிட்டது.

கொட்டகையில் யாருமே இல்லை. பிறகு யார் அவ்வளவு ஆவியைத் தின்பது?

படியிறங்கி மதிலோரக் குழாய்கூடவே நடந்தேன். சூடு வெளியேறாமலிருக்கக் குழாயின் மேல் சுற்றிய பஞ்சுப் போர்வை பாதி தூரத்துக்கு உரிந்து போயிருந்தது. குழாயில் சேரும் தண்ணீரை மட்டும் வெளியே விடவேண்டிய டிராப்கள், ஆவியையும் சேர்த்துச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தன. மீட்டர் பாய்லர் பக்கம் இருந்ததால் வழியில் போனதெல்லாம் கொட்டகைக் கணக்கில் ஏறிவிட்டது.

நேரே ஃபோர்மேனிடம் போனேன். “அண்ணா, தப்பு உங்க மேல இல்ல. கொழாய் தின்னுது. சாருக்கு அத காட்டணும். வேல நடக்கற நேரத்துல எல்லா வால்வையும் கொஞ்ச நேரம் மூடுங்க.”

“நாங்க மூடுவோம், வேல நின்னுபோச்சுன்னு நீ எழுதுவ. உன்ன இன்னாத்துக்கு நம்பணும்? உன் பொட்டிதானே எங்களப் போட்டுக் குடுத்துகினு கீது?”

“ஒயர புடுங்கினது எலி இல்லன்னு எனக்குத் தெரியும்ணா. யாராண்டயும் சொல்லல. நானும் உங்க பக்கந்தான், வியாசர்பாடி.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “காத்தால வா,” என்றார்.

மேனேஜரைச் சம்மதிக்க வைப்பது அதைவிடப் பெரிய பாடு. உற்பத்தி கெடும் என்றார். கெட்டால் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மறுநாள் காலை அவர் திரைக்கு முன்னால் உட்கார, நான் கொட்டகையில் நின்றேன். ஃபோர்மேன் கை காட்ட, வால்வுகள் ஒவ்வொன்றாக மூடின. கொப்பரைகளில் கொதி அடங்கியது. இன்டர்காம் அலறியது.

“ஏம்மா, இன்னும் மூடலையா?”

“மூடியாச்சு சார். நீங்க இறங்கி வந்து பாருங்க.”

வந்தார். குழாயோரம் கடைசிவரை நடந்தார். சாக்கடையிலிருந்து எழுந்த ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, “எவ்வளவு நாளா இப்படி?” என்று கேட்டார்.

“பராமரிப்புக்காரங்களாண்ட நாங்க சொல்லிகினேதான் கீறோம் சார்,” என்றார் ஃபோர்மேன்.

அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் டிராப்களை மாற்றினார்கள். குழாய்க்குப் புதுப் போர்வை சுற்றினார்கள். கம்பம் பச்சைக்கு வந்தது. பாய்லரை மூடும் பேச்சு மெல்ல அடங்கியது. நான் அதோடு நிறுத்தவில்லை. திரையைக் கொட்டகை வாசலில் வைக்க வேண்டும் என்று கேட்டேன்.

“அவங்களுக்கு என்னம்மா புரியும்?”

“பச்சையும் சிவப்பும் யாருக்கு சார் புரியாது? சிவப்பானா முதல்ல தெரிய வேண்டியது அவங்களுக்குத்தானே?”

முடியாது என்றார். அடுத்த வாரமும் கேட்டேன், அதற்கடுத்த வாரமும் கேட்டேன். ஆயுத பூஜைக்குக் கொட்டகையைக் கழுவிவிட்டபோது, என் தொல்லை தாங்காமலோ என்னவோ, சரி என்றார். தூசி படாமல் கண்ணாடிக் கூண்டு செய்து திரையை வாசலில் வைத்தோம். வேலைக்கு வரும்போதும் போகும்போதும் எல்லாரும் அதன் முன் நின்றார்கள். “இன்னா மேடம், கிளிசரின்காரன் இன்னிக்கு ரொம்பத் தின்றான், போய் இன்னான்னு கேளு,” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். கேன்டீன் பெஞ்சில் எனக்கு இடம் போட்டு வைத்தார்கள்.

கோடை வந்ததும் ஃபோர்மேன் புதிதாக ஒன்று கேட்டார். “எங்க கம்பம் ஊரு பூரா தெரியுது. மாடில ஆளில்லாத ரூம்லகூட ஏசி ஓடுதே, அதுக்கு எங்க கம்பம்?”

அதையும் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். தன் அறையில் ஓடிய ஏசியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, “போட்டுடும்மா,” என்றார்.

மாடிக் கட்டடத்துக்குத் தனியாக ஒரு கரண்டு மீட்டர் வைத்து, திரையில் கேன்டீன் கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பம் சேர்த்தேன். அன்று மதியமே அது சிவப்பானது. கொட்டகை வாசலில் விசில் பறந்தது. மேலே ஏசிகள் அடங்கி, ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறப்பதைக் கீழே நின்று பார்த்தோம்.