ஆறவைத்து வாங்கிய மிஷின்

தக்கலையில் எங்கள் அச்சுக்கடை சின்னது. நானும் மனைவியும்தான் ஆள். களியக்காவிளையில் ஒரு பழைய ஆப்செட் மிஷின் விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். அவள் வளையல்களை விற்ற பணம் பையில் இருந்தது. மிஷினில் மோசம் போனால் வளையலும் போச்சு.

கையோடு ஓர் அம்மன் கோயில் கொடைவிழா நோட்டீசுக்கான அச்சுப் பிளேட்டையும் தாளையும் எடுத்துப் போனோம். எங்களுக்கு வந்த வேலை. அந்த மெல்லிசுத் தாளில் ஓடாத மிஷின் எங்களுக்கு ஆகாது.

விற்கிறவர் சுவிட்சைப் போடப் போனார். அதற்குள் மனைவி மோட்டார்மேல் கையை வைத்தாள்.

“சூடா இருக்கே. நாங்க வாறதுக்கு முன்ன ஓட்டினியளா?”

“சும்மா கொஞ்சம், அக்கா.”

“அப்ப ஆறட்டும். எங்க வீட்டுல பசு வாங்கப் போனா, கறக்காம விட்ட மடியப் பாத்துப் பைசா குடுக்கமாட்டோம். ஒருக்கக் கறந்துவிட்டு, அடுத்த நேரமும் கறந்து பாத்துட்டுதான் கயித்தப் பிடிப்போம்.”

“இது பசு இல்லல்லா அக்கா.”

“பசுன்னா சாணியாவது மிச்சம்.”

அவரே சிரித்துவிட்டார். மூவரும் சாயாக்கடைக்குப் போனோம். நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரிக்கிற ஏத்தங்காய் அப்பம் அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்திருந்தார்கள். நான் மூன்று தின்றேன்.

“மிஷின் ஆறுமுன்ன கடைய காலியாக்கிருவிய போல,” என்றாள்.

திரும்பி வந்து போட்டோம். மிஷின் சுற்றியது. தாள் ஏறவில்லை. தாளை உறிஞ்சித் தூக்குகிற பம்பு, ஆறினதும் படுத்துவிட்டது.

விற்கிறவர் தலையைச் சொறிந்தார். “சூடானா சரியாயிரும், அண்ணாச்சி.”

“தினமும் காலம்பற நீங்க வந்து சூடாக்குவியளா?” என்றாள் மனைவி.

அவர் பம்பைக் கழற்றினார். உள்ளே தேய்ந்ததை மாற்றினார். பிறகு போட்டதும் தாள் ஒவ்வொன்றாக ஏறியது. சோதனைக்கென்று தொடங்கினோம், நிறுத்த மனம் வரவில்லை. கொடை நோட்டீசு முழுவதும் அங்கேயே அடித்து முடிந்தது.

“எனக்கு அச்சுக்கூலி தரணும், அக்கா.”

“சோதிச்சுக் கறந்த பாலு, பசு வாங்குறவங்களுக்குத்தான்.”

பாதிப் பணம் கொடுத்தோம். எங்கள் கடையில் பொருத்தி, ஆறின மிஷின் ஓடின பிறகே மீதி என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். வந்து பொருத்தினார். ஓடியது. மீதியை அவள் கையாலேயே கொடுத்தாள்.

அடுத்த கொடைக்கு அவள் கையில் புது வளையல் கிடந்தது. அந்த நோட்டீசும் அதே மிஷினில் அடித்ததுதான்.