ரூபி அக்கா ஊற்றாத எண்ணெய்

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். புனே கண்டோன்மென்ட் பக்கம், இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் நான் ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்த அதே சர்ச். ஞாயிறுதோறும் என்றதும் வேறு மாதிரி நினைத்துவிட வேண்டாம். நெற்றியில் விபூதியோடு போய், ஆராதனை முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, எல்லாரும் கிளம்பிய பிறகு ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே நுழைகிற ஆள் நான்.

மணப்பெண் உள்ளே வரும்போது கீபோர்டு வாசித்த இளைஞன் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். சத்தம் சுழல ஆரம்பித்தது. சுழலும் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? சின்ன வயதில் டேபிள் ஃபேன் முன்னால் வாயை வைத்து ‘ஆ’ என்று கத்தியிருப்பீர்கள் அல்லவா, அதன் இனிமையான அண்ணன். நான் சட்டென்று இடது மூலையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே தண்ணீர் கேன் வைத்திருந்தார்கள். ஒருகாலத்தில் என் பெட்டி நின்ற இடம் அது.

அப்போது நான் சிஞ்ச்வட்டில் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் பேலன்ஸிங் பகுதியில் இருந்தேன். சுற்றுகிற எதுவும் ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஆடினால் கனமான பக்கத்தில் கொஞ்சம் துளைத்து எடுப்போம். அவ்வளவுதான், ஆனால் அந்த வயதில் உலகமே என் கையால்தான் ஆடாமல் சுற்றுகிறது என்ற நினைப்பு. டூல் ரூமில் வேலை பார்த்த செல்வின் ஒருநாள் கேன்டீனில் வந்து உட்கார்ந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், புனேயில் மூன்றாவது தலைமுறை.

“எலே, எங்க சர்ச்ல ஒரு எலெக்ட்ரிக் ஆர்கன் படுத்துக் கெடக்கு. உள்ள முழுக்கச் சக்கரமாம். நீதான் சுத்துறதுக்கு டாக்டராச்சே, வந்து பாரேன்” என்றான்.

லோக்கல் டிரெயின் பிடித்துப் போனேன். பின்பலகையைக் கழற்றியதும் ஒரு வாசனை வந்தது. சூடான தூசி, பழைய மரம், மெல்லிய எண்ணெய். எங்கே தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாலும் எனக்கு அந்தச் சர்ச்தான் ஞாபகம் வருகிறது. உள்ளே நீளமான ஒரு தண்டின் இருபுறமும் வரிசையாகப் பல் வைத்த இரும்புச் சக்கரங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு காந்தம். சக்கரம் சுற்றினால் ஒரு ஸ்வரம். பல்லுக்கேற்ற ஸ்வரம், மோட்டாருக்கேற்ற சுருதி. மோட்டாரோ கரண்டுக்குக் கட்டுப்பட்டது. மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் ஆர்கனின் சுருதி ஒரு மயிரிழை இறங்கிவிடும். வயலின்காரர் முணுமுணுத்துக்கொண்டே தன் கம்பிகளை இறக்கிக்கொள்வார். மின்வாரியம் சுருதி போட, பாட்டுப் பாடிய ஒரே சபை அதுவாகத்தான் இருக்கும்.

அதை வாசித்தவர் செல்வினின் மனைவி ரூபி அக்கா. பள்ளியில் கணக்கு டீச்சர். பதினாறு வயதிலிருந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர். ஆர்கனைக் கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. ‘ஸ்டார்ட்’ சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எட்டு எண்ண வேண்டும். சக்கரங்கள் வேகம் பிடித்து ஒரு முனகல் எழும். அப்புறம்தான் ‘ரன்’. அக்கா மராத்தியில் எண்ணுவார். ஏக், தோன், தீன் என்று உதடு மட்டும் அசையும். முன்வரிசைக் கிழவிகளும் கூடவே எண்ணுவார்கள்.

ஒயரெல்லாம் மாற்றி ஆர்கனைப் பேச வைக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அக்காவுக்குத் திருப்தியில்லை.

“சத்தம் நேரா வந்து மூஞ்சில அடிக்குது தம்பி. சுத்தி வரணும். முன்னாடி ஒரு பெட்டி இருந்துச்சு, கரையான் தின்னுடுச்சு.”

சுற்றி வர வேண்டும் என்றால் என்னிடம் சொல்லவா வேண்டும்? பிளைவுட்டில் இடுப்புயரப் பெட்டி செய்தோம். மேலே தரையைப் பார்த்தபடி ஸ்பீக்கர். அதன் வாய்க்கடியில் ஒரு பக்கம் மட்டும் திறந்த மர டிரம். ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் கிடைத்த கூலர் மோட்டார் அதை பெல்ட் போட்டுச் சுற்றும், மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று என இரண்டு நடை. டிரம்மைத் தொழிற்சாலைக்கே தூக்கிப்போய், சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மெஷினில் ஏற்றி பேலன்ஸ் செய்தேன். மெஷின் மேல் செங்குத்தாக நிறுத்திய காசுகூட விழாத அளவுக்கு ஆடாமல் சுற்றியது. ஆனால் காற்று என்று ஒன்று இருப்பதை மறந்துபோனேன். முதல் ஞாயிறு வேக நடையில் போட்டதும் பெட்டியின் இடுக்குகள் வழியே காற்று சீறி, பாடகர் குழுவின் பாட்டுத்தாள்கள் மொத்தமும் பறந்தன. வெயில் ஏற ஏற அந்தப் பெட்டிப் பக்கத்து பெஞ்சுதான் முதலில் நிரம்பியது. பக்தி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கமிட்டிச் செயலருக்கு மட்டும் ஆர்கன் பிடிக்கவில்லை. புது கீபோர்டு வாங்க வேண்டும், தன் அண்ணன் மகன் வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. “ஆராதனைல ஒருவாட்டி நின்னாலும் வெளிய போட்டுடுவோம்” என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். ஆர்கன் போனால் அக்காவின் பெஞ்சும் போய்விடும். அது எல்லாருக்கும் தெரியும்.

ஆர்கனுக்கு வருடம் ஒருமுறை எண்ணெய் விட வேண்டும். அதற்கென்றே ஒரு சின்ன டப்பா அலமாரியில் இருந்தது. அந்த வருடம் அக்கா அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார். திறந்து விரலில் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிற்சாலையில் பேரிங்குக்கு விடுகிற எண்ணெய் இருக்கிறதே, தேன் மாதிரி இறங்கும். ஒரு பாட்டில் கொண்டுவந்து, தாராளமாக, யாரிடமும் சொல்லாமல் ஊற்றினேன். உள்ளே எண்ணெய் ஏறுவது நூல்திரி வழியாக. மெல்லிய எண்ணெய்தான் அதில் ஏறும். அது அப்போது எனக்குத் தெரியாது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் யானைகூட இல்லை.

மூன்று வாரம் கழித்துக் குருத்தோலை ஞாயிறு. கையில் ஓலையோடு சபை முழுக்க எழுந்து நிற்கிறது. மரத்தடியிலிருந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கா எட்டு எண்ணினார், ரன் போட்டார். முனகல் எழுந்து, இழுத்து, அடங்கிவிட்டது. மறுபடி எண்ணினார். இருபது வரை எண்ணினார். பிறகு எழுந்து நின்று, துணையில்லாமல் தன் குரலிலேயே பாட்டை எடுத்தார். செயலர் ஓலையால் விசிறிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு ஈஸ்டர், அதுவரை கெடு கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே திறந்து பார்த்தேன். அந்த வாசனை இல்லை. என் தொழிற்சாலை வாசனை அடித்தது. நூல்களெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தன. “கரண்ட் கம்மிதான் செல்வின்” என்று சொல்லி மூடிவிட்டேன். திங்கட்கிழமை முழுக்க அந்தப் பொய்யோடு இருந்தேன். செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“அக்கா, எண்ணெய மாத்தி ஊத்துனது நான்தான்.”

பேனாவை மூடினார். “டப்பா அங்கயேதானே இருந்துச்சு?”

“எங்க ஃபேக்டரி எண்ணெய் இன்னும் நல்லதுன்னு நெனச்சேன்.”

“யாருக்கு நல்லது? அரே தேவா, அது ஆர்கன் தம்பி, டிரக் இல்ல!”

அந்த வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் டீ வந்துவிடும். அன்று வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

“ஈஸ்டருக்குள்ள சுத்துமா சுத்தாதா? அத மட்டும் சொல்லு.”

“சுத்தும்க்கா” என்றேன். அதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை.

இரண்டு நாள் லீவு போட்டேன். ஜன்னலெல்லாம் திறந்து வைத்து, ஒவ்வொரு நூலையும் ஒயிட் பெட்ரோலால் கழுவி, ஊசியால் ஒவ்வொரு பேரிங்கிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, தண்டைக் கையால் திருப்பிக்கொண்டே இருந்தோம். செல்வின் டார்ச் பிடித்தான், திட்டிக்கொண்டே பிடித்தான். பெரிய வெள்ளியன்று அங்கே ஆர்கன் வாசிக்கமாட்டார்கள், அதனால் தப்பித்தோம். ஆனால் உள்ளே வேலையும் பார்க்க முடியாது. சனிக்கிழமை அலமாரி டப்பாவிலிருந்து அந்தத் தண்ணீர் எண்ணெயை அளந்து ஊற்றினேன். ஒருமுறை ஓடியது, ஒருமுறை ஓடவில்லை.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு நான் மரத்தடியில் உட்காரவில்லை. உள்ளே, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா ஸ்டார்ட் சுவிட்சைப் பிடித்தார். ஏக், தோன். நானும் எண்ணினேன். சாத், ஆட். முனகல் வரவில்லை. அக்கா விரலை எடுக்கவில்லை. நவ், தஹா என்று போய்க்கொண்டே இருந்தார். பன்னிரண்டில் முனகல் எழுந்தது. ரன் போட்டார், பிடித்துக்கொண்டது. என் டிரம் சுற்ற, முதல் ஸ்வரமே கூரையைச் சுற்றி வந்தது. எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாரையும் கும்பிட்டேன்.

வெளியே வந்ததும் செயலர் கேட்டார். “போன வாரம் என்னதான் ஆச்சு டீச்சர்?”

“எண்ணெய மாத்தி ஊத்திட்டேன் சார். என் தப்புதான்.”

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் செல்வின் சொன்னான், “வெளியாள் தொட்டுக் கெடுத்தான்னு தெரிஞ்சா உன்ன கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்கலே.” அடுத்த ஞாயிறு செயலரிடம் சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன். பிறகு அதற்கடுத்த ஞாயிறு.

ஆர்கன் மேலும் சில வருடங்கள் ஓடியது. எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கூரையைப் பிரித்துக் கட்டியபோது மழையில் நனைந்து அது போயிற்று என்று கேள்விப்பட்டேன். பெட்டி கொஞ்சநாள் செருப்பு அலமாரியாக இருந்ததாம். செயலர் இல்லை. செல்வின் இல்லை. ரூபி அக்கா போன வருடம் நாகர்கோவிலில் மகள் வீட்டில் இறந்தார். கரண்டுகூட இப்போது மாலையில் சுருதி இறங்குவதில்லை. கீபோர்டில் பொத்தானை அழுத்தியதும் சத்தம் வந்துவிடுகிறது, எட்டு எண்ணிக் காத்திருக்க யாருமில்லை.

கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “இங்க முன்னாடி ஒரு ஆர்கன் இருந்துச்சு, தெரியுமா? எங்க ரூபி டீச்சர் தப்பான ஆயில ஊத்தி, குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு நின்னுபோச்சு. கணக்கு டீச்சருக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்!” எல்லாரும் சிரித்தார்கள்.

வாயில் கேசரி இருந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் எட்டு வரை எண்ணினேன். அதற்குள் பேச்சு கார் பார்க்கிங்குக்குப் போய்விட்டது.