மரக்காணம் உப்பளமும் என்னுள் ஓடும் அண்ணனும்

உப்பளம் பார்க்கப் போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் இந்த மார்ச்சில் போனது அதற்காக அல்ல. ஜனவரியில் என் அண்ணன் போன மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள், அவன் வரவில்லை. சில வாரம் கழித்துப் புதுச்சேரிக்குத் தெற்கே அடையாளம் தெரியாத உடல் ஒன்று ஒதுங்கியது. அது அவன்தானா என்று ஒப்பிட, கூடப் பிறந்தவள் என்ற முறையில் என்னிடம் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்போது அண்ணியோடு இருக்கலாமென்று கிளம்பினேன்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் நூற்றிருபது கிலோமீட்டர், பேருந்தில் மூன்று மணி நேரம். ஸ்டாண்டிலிருந்து உப்பளத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். “வெயில் ஏறிட்டா கண்ணு கூசும்க்கா, சீக்கிரம் பாத்துட்டு வந்துடுங்க,” என்றார் ஓட்டுநர். உண்மைதான். பாத்திகளில் நின்ற நீரில் வானம் அப்படியே கிடந்தது. வரப்பில் நடக்கும்போது எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை.

அண்ணி அங்கேதான் கூலிக்குப் போகிறார். அண்ணன் காணாமல் போனதிலிருந்து கடற்கரைப் பக்கம் போவதில்லை. உடம்பைப் பார்க்காமல் கருமாதி கிடையாது என்று சொந்தக்காரர்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் சாப்பாட்டில் எனக்கு மட்டும் இறால் வைக்கவில்லை. “அவருக்கு ஒத்துக்காது. உனக்கும் இப்ப ஒத்துக்காதுல்ல, செல்வி?”

ஒத்துக்கொள்ளாதுதான். எட்டு வருஷத்துக்கு முன் ரத்தப் புற்றுநோய் வந்தபோது அண்ணன்தான் எலும்பு மஜ்ஜை கொடுத்தான். அதன்பின் என் ரத்த வகை அவனுடையதாக மாறியது, இறால் அரிப்பும் கூடவே வந்தது. அந்தக் காலத்தில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ‘தான்’ என்ற சொல்லைத் தத்துவத்திலிருந்து கடன் வாங்கியவர்கள் நோயெதிர்ப்பு ஆராய்ச்சியாளர்கள். தன்னைத் தெரிந்துகொண்டு அந்நியனை விரட்டுவதே உடம்பின் வேலை என்றார்கள். கருவில் ரத்தம் கலந்த இரட்டைக் கன்றுகள் ஒன்றின் தோலை இன்னொன்று ஏற்றுக்கொண்டதைப் பார்த்தபின், ‘தான்’ என்பது உடம்பு கற்றுக்கொள்வது என்றார்கள். பின்னால் வந்த சிலர், உடம்பு கவனிப்பது அந்நியனை அல்ல, ஆபத்தைத்தான் என்றார்கள். எனக்குள் காவலுக்கு நிற்பது முழுக்க அண்ணனின் செல்கள். யார் செல்வி, யார் அந்நியன் என்று அவன்தான் முடிவு செய்கிறான். முதலில் பயமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது போலீஸ் ஏட்டு கூப்பிட்டார். அண்ணிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“மேடம், லேப்ல ஏதோ மாத்திட்டாங்க போல. உங்க ரத்தமும் அந்த பாடியும் ஒரே ஆளுன்னு வந்திருக்குது. உங்க சாம்பிளே ஆம்பளைன்னு காட்டுது. இன்னொரு வாட்டி வந்து குடுத்துட்டுப் போங்க.”

அண்ணி அன்றுதான் சிரித்தார். “பாத்தியா, அது அவரு இல்ல. நான்தான் சொன்னேனே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரத்தம் கொடுத்த அன்று மஜ்ஜை மாற்றியதை நான் சொல்லவே இல்லை. மறைக்கவில்லை, தோன்றவே இல்லை. அதை என் ரத்தம் என்றே நினைத்திருந்தேன்.

“அண்ணி, லேப் தப்பு பண்ணல. என் உடம்புல ஓடுறது அண்ணன் ரத்தம். அதான் ஒண்ணா வந்திருக்கு. அது அண்ணன்தான்.”

அவர் அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, நாடி துடிக்கும் இடத்தில் விரலை வைத்தார். வெளிச்சம் போகும்வரை எடுக்கவில்லை.

“இது அவருதானே?”

“ஆமா அண்ணி.”

“அப்ப நான் எப்பிடி பூவை எடுக்கறது?”

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள், காலில் கீறல் இருந்தால் பாத்தியில் இறங்காதீர்கள். மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களுக்கு: ஒப்பிட ரத்தம் கேட்டால் முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள், வேரோடு முடியும் கொடுங்கள். முடி நம்முடையதாகவே இருக்குமாம். நானும் கொடுத்தேன். அண்ணன்தான் என்று உறுதியாகி, கருமாதியும் முடிந்தது. அண்ணி இன்னமும் பூ வைத்துக்கொள்கிறார். ஊர் என்னைத்தான் புத்தி சொல்லச் சொல்கிறது. எந்த வாயால் சொல்வேன்?