சித்தியின் பாட்டும் அப்பாவின் கோழிக்குஞ்சுகளும்

என் சித்தியின் பாட்டுக்குழுவை இப்போது சைக்கடெலிக் பாப் என்கிறார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் டிக்கெட் வாங்கி வந்து, கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்கிறார்கள். பாட்டு எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் மெல்லப் பெருகி வருகிறதாம். கனவில் மிதப்பதுபோல் இருக்கிறதாம். எந்தப் பெரிய கம்பெனியையும் அண்டாத சுயாதீனக் குழு என்று வேறு எழுதுகிறார்கள். எழுதட்டும். அந்த மிதப்பு எங்கிருந்து வந்தது என்பது பல்லடத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கோழிப்பண்ணைக்குத்தான் தெரியும்.

அப்போது எனக்கு ஏழு வயது. சித்தி, அம்மாவின் தங்கை, இன்ஜினியரிங் முடித்துவிட்டு எங்கள் வீட்டில் இருந்தாள். தாத்தா போய்விட்டதால் அவளைக் கரையேற்றும் பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்திருந்தது. அவளோ ஒரு கீபோர்டை வைத்துக்கொண்டு தானே எழுதித் தானே பாடிக்கொண்டிருந்தாள். கிட்டார் வாசிக்கிற அண்ணன் ஒருவர் கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து பைக்கில் வருவார். டிரம்ஸ் அடித்த அக்கா பக்கத்து ஊர். பிறந்ததிலிருந்து விசைத்தறிக்கு நடுவே வளர்ந்ததால் அவளுக்கு எந்தச் சத்தமும் சத்தமாகவே படாது.

ஒரு பேட்ச் கோழி லாரி ஏறிப் போனதும் ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அடுத்த குஞ்சுகள் வரும்வரை காலியாகப் போட்டு வைப்பார்கள். அந்த இடைவெளியில்தான் அவர்கள் வாசித்துப் பழகினார்கள். கோவையில் முதல் மேடைக்குச் சில நாட்களே இருந்தபோது, கோழிக் கம்பெனிக்காரர்கள் சொன்ன நாளுக்கு முன்னதாகவே குஞ்சுகளை இறக்கிவிட்டார்கள். ஷெட்டின் ஒரு கோடியில் தகரத்தை வளைத்து, பல்பு வெளிச்சத்தில் குஞ்சுகளை விட்டாயிற்று. மறுகோடியில் சித்தியின் குழு. திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், குஞ்சுகள் மொத்தமாக ஒரு மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால் அப்பா மூட்டை கட்டச் சொன்னார்.

சித்தி அசையவில்லை. "ஒண்ணுகூட மிரளாம வாசிக்கறமுங்க மாமா."

சத்தியமங்கலத்திலிருந்து நல்ல வரன் வந்து, அவள் பிடிகொடுக்காமல் இருந்த நேரம் அது. அப்பா அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "செரி அம்மிணி. மிரண்டு ஒண்ணே ஒண்ணு செத்தாலும் இந்தக் கூத்தையெல்லாம் ஏறக்கட்டிப்போட்டு, சத்தியமங்கலத்துக்குச் செரின்னு சொல்லோணும்."

"செரிங்க மாமா."

அதன்பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மூவரும் வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத் திருடர்களைப்போல் உள்ளே போவார்கள். டிரம்ஸ்மேல் பழைய போர்வை. முதல் ஒலி காதில் விழுவதற்கே நேரமாகும். பாட்டு சட்டென்று தொடங்கவும் கூடாது, சட்டென்று நிற்கவும் கூடாது. குஞ்சுகள் தம் பாட்டுக்குத் தீவனத்தைக் கொத்திக்கொண்டிருந்தன. அப்பா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நானும் அவர் பக்கத்தில் அதேபோல் நின்றேன்.

மேடைக்கு முந்தின நாள் மதியம் கரண்ட் போனது. யாருக்கும் ஸ்பீக்கரை அணைக்கத் தோன்றவில்லை. கரண்ட் திரும்பியதும் அது டமார் என்றது. குஞ்சுகள் மூலைக்குப் பாய்ந்தன. சித்தி தகரத்தைத் தாண்டிக் குதித்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பிரித்துவிட்டாள். அம்மாவும் ஓடி வந்து அள்ளினாள். அப்படியும் அடியில் சில குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

அப்பா வந்ததும் அம்மா முந்திக்கொண்டாள். "நாந்தானுங்க கதவ டமார்னு சாத்திப்போட்டேன்." பொய் சொன்னால் என் தொடையில் கிள்ளுகிற அதே அம்மா.

"இல்லீங்க மாமா, எங்க ஸ்பீக்கருதான்," என்றாள் சித்தி. "செத்த குஞ்சுக்கு என்ன வேணாலும் செய்யறனுங்க. கல்யாணத்துக்கு மட்டும் செரின்னு சொல்ல மாட்டனுங்க."

"வாக்குக் குடுத்தியே?"

"குடுத்தனுங்க. நான் குடுத்திருக்கக் கூடாதுங்க. நீங்களும் கேட்டிருக்கக் கூடாதுங்க."

குரல் உயரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' வைத்து, மரியாதையில் ஒரு பிடி குறையாமல் அவள் முடியாது என்றதால், அப்பாவுக்குக் கோபப்படக்கூட இடம் கிடைக்கவில்லை. வாசலைக் காட்டினார். சித்தி அன்று சாயங்காலமே கீபோர்டோடு டிரம்ஸ் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அன்றைக்கு அவள்மேல் அத்தனை கோபம். பல்லாங்குழியில் தோற்றால்கூட ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அழுகுணி ஆட்டம் ஆடிவிட்டாளே என்று.

மறுநாள் அப்பாவிடம் சொல்லாமல் அம்மா என்னை இழுத்துக்கொண்டு கோவை பஸ் ஏறினாள். அரங்கில் ஒரே பேச்சுச் சத்தம். சித்தி தொடங்கியது யாருக்கும் கேட்கவில்லை. வரிசை வரிசையாகப் பேச்சு அடங்கி, கடைசியில் அவள் குரல் மட்டும் கூடம் முழுக்க நிறைந்து நின்றது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் எழுந்து தட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"சித்தி தோத்துப்போச்சுதானம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு," என்றாள் அம்மா. தோற்றவளுக்கு எதற்காக அவள் இப்படி அழுதுகொண்டே கை தட்டுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.