ஸ்லைடில் நெளிந்த நீலம்

போன வாரம் லேபிலிருந்து சுமதி போன் செய்தாள். ‘ஹலோ’கூட இல்லை.

“ஏனுங்க... எல்லாம் போச்சுங்க.”

சுமதி என் மனைவி. நாற்பத்தைந்து வயதில் பிஎச்.டி. பல்லடத்தில் பஸ் பிடித்து, தினமும் கோயம்புத்தூர் போய் வருகிறாள்.

அவள் வேலை எனக்குப் புரிந்த வரையில் இதுதான். ரத்தத்தில் நோயோடு மல்லுக்கட்டும் செல்கள் பல வகை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஒரே மூஞ்சி. எது எது என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வகையையும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ள ஒரு ஆன்டிபாடி உண்டு. அதன் முதுகில் ஒளிரும் சாயத்தை ஏற்றி அனுப்புகிறார்கள். யு.வி. (புற ஊதா) லைட் அடித்தால் உதவிக்கு ஓடும் செல் பச்சை. கொல்லும் செல் நீலம். கும்மிருட்டில் சீரியல் செட்!

அவளுக்கு வேண்டியது அந்த நீலம். ஆன்டிபாடி பாட்டிலின் கடைசிச் சொட்டையும் போட்டாகிவிட்டது. அடுத்தது வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம். கைடு நாலு மணிக்குப் பார்க்க வருகிறார்.

“செல்லே தெரியலீங்க. நீல நீலமா புழுவாட்ட நெளியுது. சாயம் கெட்டுப்போச்சாட்ட இருக்குது.”

அப்போது நான் நண்பரின் பனியன் கம்பெனியில் நின்றிருந்தேன், ஸ்கூட்டர் துடைக்க, வெட்டி மிஞ்சிய வேஸ்ட் துணி ஒரு பையோடு. செக்கிங் டேபிளில் யு.வி. லைட் எரிந்தது. அங்கே வேலை செய்யும் தூத்துக்குடி மேரி, கறை இருக்கிறதா என்று துணி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு.

“என்ன சார், கையில ஒளிவட்டம்? சாமியார் ஆயிட்டீங்களா?”

குனிந்து பார்த்தேன். பையிலிருந்து வழிந்த வேஸ்ட் துணி... நீலமாக ஜொலித்தது.

“பயப்படாதீங்க சார். வெள்ளையாத் தெரியதுக்குப் போடுத ஒயிட்னர். இந்த லைட்டுல அப்படித்தான் மின்னும்.”

போனில் சுமதி இன்னும் இருந்தாள்.

“சுமதி... ஸ்லைடை எதுல தொடச்ச?”

“லேப்ல பேப்பர் தீந்துபோச்சு. நீங்க குடுத்தனுப்புன பனியன் வேஸ்ட்லதான். மெத்துனு இருக்கும்னு சொன்னீங்கல்ல?”

சொன்னேன். திருப்பூர்க்காரன் வேறு என்ன சொல்வான்? வண்டியா, ஜன்னலா, பிள்ளையின் மூக்கா — எங்களுக்கு எதைத் துடைக்கவும் பனியன் வேஸ்ட்தான்.

“அது புழு இல்ல புள்ள... பஞ்சு. கண்ணாடிக்கு மேலதான் ஒட்டியிருக்கும். நல்ல பேப்பர் வாங்கித் தொடச்சுப் பாரு.”

மறுமுனையில் ஒரே வார்த்தை. பத்திரிகையில் அச்சேறாத வார்த்தை.

மூன்றே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கறுப்பு வானம். பச்சைப் பொட்டுகள். நடுவே, அமைதியாக, ஏழு நீலம்.

போய்விட்டது என்று அழுகிறோமே, அவற்றில் பாதி, போகவேயில்லை. அடியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. மேலே கிடப்பது நம் வீட்டுப் பஞ்சு.

கைடு பார்த்தார். தலையாட்டினார். இப்போது லேப் கதவில் சுமதியின் கையெழுத்தில் ஒரு நோட்டீஸ்: ‘பனியன் வேஸ்ட்டுக்கு அனுமதி இல்லை.’

அதற்குக் கீழே, சிவப்பு மையில்: ‘கொடுத்தனுப்பியவருக்கும்.’